பறி கவ்வும் பல்

பழவேற்காடு ஏரியில் பெண்கள் தண்ணீருக்குள் குந்தி நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கைகளும் சேற்றில் இருக்க, பிடித்த இறாலைப் போடும் பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொள்கிறார்கள். இறால் சேரச் சேரப் பறி கனக்கும். அந்தக் கனம் முழுக்கப் பல்லுக்குத்தான்.

மூச்சு வாங்கக் கரையேறிய ஓர் அக்கா, பறியை மணலில் வைத்ததும் தாடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். முன்பல் ஆடுகிறதாம்.

"டாக்டர்கிட்ட காட்டலையாக்கா?"

"காட்டுனா புடுங்கிடுவாருப்பா. அப்பால பறிய எதால கவ்வுறது?"

வலித்தால் கிராம்பு. அதற்கும் அடங்காவிட்டால் வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை, மரத்துப்போகுமாம். ஈறைக் கெடுப்பதும், வாய்ப்புற்றுக்கு வழிவிடுவதும் அதே புகையிலைதான் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார்.

பல்லைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற அவர் பயத்தைத் தப்பென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஈறு நோய் வலிக்காமலே வளரும். துலக்கும்போது ரத்தம் கசிவதுதான் முதல் அடையாளம்; அப்போதே போய்ப் பற்காரையைச் சுரண்டி எடுத்தால் பல் தப்பிக்கும். வலி வந்த பிறகு போகிறவருக்குப் பெரும்பாலும் பிடுங்குவதுதான் மிஞ்சுகிறது. அதைப் பார்க்கும் ஊர், டாக்டர் என்றாலே குறடு என்று நம்புகிறது.

ஆண்களுக்கு வேறு கணக்கு. ஏரியில் வலை போடும் இடத்தை முறைவைத்துப் பங்கிடுவது இங்கே பாடு. முறை வந்த நாளைப் பல்வலிக்காக யார் விடுவார்? சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953 முதல் இருக்கிறது. இங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் போய்வர ஒரு நாள் கூலி போகும். சிகிச்சை இலவசமாக இருந்தாலும் அந்த நாள் இலவசமில்லை. பாடில்லாத நாள் பார்த்து, ஒரு பல் மருத்துவ வண்டி கரைக்கே வரவேண்டும் என்பது என் ஆசை.

பிள்ளைகள் பரவாயில்லை, பிரஷும் பேஸ்டும் உண்டு. ஆனால் நான் கேட்ட பிள்ளைகளில் ராத்திரி துலக்குவதாக ஒருவரும் சொல்லவில்லை. தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும். பல்லிடுக்கில் தங்கிய இனிப்பைக் கழுவிவிட ஆளில்லை. சொத்தை விழ அது போதும். இதைச் சொன்னதும் ஒரு பையன், "அப்போ காலைல துலக்கலனா பரவால்லையாண்ணா?" என்று ஆவலாகக் கேட்டான். ரெண்டு வேளையும் என்றேன்.

வேல மரக் காடென்றும் பழவேற்காடு என்ற பெயருக்குப் பொருள் சொல்வார்கள். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பார்களே, அந்த வேல்.

அக்கா எழுந்தார். குனிந்து பறியை எடுத்துக் கவ்வினார், இந்தத் தடவை கடைவாய்ப் பக்கமாக. தண்ணீரில் இறங்கிவிட்டார்.