படித்ததும் பார்த்ததும் கேட்டதும்

அண்மையில் எதைப் படித்தீர்கள், எந்தப் படத்தைப் பார்த்தீர்கள் என்று ஆசிரியரிடம் வினவும் மாணவர்கள் ஹாலிஎலயில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுட் பலர் சுற்றுத் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். கல்கியையும் மு. வரதராசனாரையும் நன்கு அறிந்த அவர்கள், தம் பாட்டியார் கொழுந்தெடுத்த மலையைப்பற்றி எவரேனும் எழுதியதுண்டா என்று கேட்கும்போது மட்டும், கேட்கும் குரலிலேயே 'இராது' என்ற விடையும் கலந்து ஒலிக்கிறது. ஆகவே இவ்வாரம் அவர்களை எண்ணியே எழுதுகிறோம்.

முதலாவது, சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதை. அதனைச் சக்தீ அ. பாலஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பெயரில் தமிழாக்கினார். 1914இல் தோட்டத்திலேயே பிறந்த சி. வி., 1947இல் நாட்டின் முதலாவது நாடாளுமன்றத்துக்குத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து தெரிவானவர். மறு ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டமோ தோட்டத்து மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. இதனை மனத்திற்கொண்டே அக்கவிதையைப் படித்தல் வேண்டும். விடியற்காலைத் தப்பொலியும், தேயிலைச் செடியின் அடியில் அடையாளமின்றிப் புதைந்து கிடப்போரும் அதில் வருகின்றனர். ஆங்கிலம் கற்போர் இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது நன்று. நமக்கு மூலத்தின் அடக்கமே பெரிதும் பிடித்தது. நண்பர் சிலர் இதனை ஒப்பமாட்டார்கள்.

அடுத்து, 1934இல் பாசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்'. ஏறத்தாழ நாற்பது நிமிடம் ஓடும் இக்கறுப்பு வெள்ளைப் படத்தை இணையத்திற் காணலாம். இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் ஆதரவில் உருவானதாயினும், விளம்பரப் படமென்று ஒதுக்கிவிடலாகாது. அதன் மூன்றாம் பகுதியில், உழைக்கும் மக்களைக் காட்டும்போதே சந்தை விலைகளையும் வணிகச் செய்திகளையும் சொல்லும் குரல்கள் மேலே ஒலிக்கின்றன. படத்துக்குரிய விளக்கவுரையோ, 1681இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்து லயனல் வென்ட் படித்தது. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்தரையில் தேயிலை பயிரிட்டதே 1867இலேதான்! கூடை சுமந்தவள் பிறப்பதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே எழுதப்பட்ட சொற்கள், அவளுடைய காலத்துப் படத்தில் ஒலிக்கின்றன. விலைக்குக் குரல் உண்டு. நொக்ஸுக்குக் குரல் உண்டு. அவள் என்ன பாடினாள் என்பதை அறியப் படம் நமக்கு உதவவில்லை. காட்சியழகுக்காக ஒருமுறையும், செவிக்காக மறுமுறையும் பார்த்தல் தகும்.

அவள் பாடியது என்ன? சி. வி. இவ்வகைப் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கியவர். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு என எத்தனையோ வகை. ஆயினும் நூலிற் கண்டதோடு நின்றுவிடாமல், வீட்டிலே கேளுங்கள் என்பதே நம் பரிந்துரை. நம் மாணவி ஒருத்தி கைப்பேசியை எடுத்துக்கொண்டு தன் பாட்டியாரிடம் போனாள். "இதெல்லாம் ஒரு பாட்டா, புள்ள?" என்று மறுத்த கிழவி, இரவு அடுப்படியில் தானாகவே பாடத் தொடங்கினாராம். கப்பலும் கங்காணியும் கண்டிச் சீமையும் வரும் தாலாட்டு. வகுப்பில் அதனை ஒலிக்கச் செய்தபோது, பாடநூற் கவிதைக்குக் கொட்டாவி விடும் பையன்களும் வாய் மூடியிருந்தனர்.

ஈரிடங்களில் பாட்டு நின்றுவிடுகிறது. அடுத்த அடி கிழவிக்கு நினைவில் இல்லை. அதனை அறிந்த வேறொருவர் அந்த லயத்திலும் இல்லை. மாசியில் காமன் கூத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வயது முதிர்ந்தவர்கள் வருவார்கள். அவர்களிடம் கேட்டுப் பார்க்கப் போவதாக மாணவி சொல்லியிருக்கிறாள்.