எந்தக் கண்ணுக்கு வெள்ளை?

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் ஒரு பழைய வீடு. சென்ற ஆண்டு புரட்டாசி பிறப்பதற்குப் பத்து நாட்கள் முன்பு அங்கே பெருமாள் அறைக்கு வெள்ளையடிக்கும் வேலை தொடங்கியது. வீட்டுக்குரியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது எழுபத்திரண்டு. திருவாராதனம் முடியாமல் ஒரு வாய் காப்பி அருந்தாதவர். முதல் சனிக்கிழமை மாவிளக்கு ஏற்றுவதற்குள் சுவர் தூய வெண்மையாகிவிட வேண்டும் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை.

கேட்பதற்கு எளிய நிபந்தனைதான். கடைக்குப் போனால்தான் சிக்கல் புரியும். வெள்ளை என்று கேட்டவுடன் கடைக்காரர் வண்ண அட்டையைப் பிரித்து வைக்கிறார். தந்தத்தின் சாயல் கொண்ட வெள்ளை, சந்தனச் சாயல், சாம்பல் சாயல், நீலம் தொட்ட வெள்ளை என்று ஒரு பக்கம் நிறைய இருக்கின்றன. தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெள்ளை. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று அழுக்காகத் தெரிகிறது. தலைமையாசிரியர் அட்டையைத் தள்ளிவிட்டு, எந்தச் சாயலும் கலவாத வெள்ளை எமல்ஷன் ஒரு வாளி வாங்கி வந்தார்.

அவருடைய தகப்பனார் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, அதில் ஒரு சிட்டிகை நீலம், தென்னை மட்டையை நசுக்கிச் செய்த மட்டைத் தூரிகை, அவ்வளவே. நீலம் எதற்கு என்று அன்று யாரும் கேட்டதில்லை. வேட்டிக்குப் போடுகிற அதே காரணம்தான். வெள்ளைப் பொருளில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சாயலை நீலம் அடக்கிவிடும். கண்ணுக்கு வெண்மை கூடினாற்போல் தோன்றும்.

பெயிண்டர் அந்த வீட்டுக்குப் புதியவர் அல்லர். இருபது ஆண்டுகளாக வருகிறவர். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் வெள்ளை பூசி முடித்தார். அன்று மாலை விளக்கேற்றிய பின் தலைமையாசிரியர் உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"என்னப்பா இது? வெள்ளை வாங்கிக் கொடுத்தேன், பழுப்பு அடிச்சு வெச்சிருக்கியே?"

"அதே வாளிதான் சாமி. விளக்கு வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும். காலையில பாருங்க."

பெயிண்டர் சொன்னது முற்றிலும் உண்மை. நல்லெண்ணெய் தீபத்தின் ஒளியில் செம்மையும் மஞ்சளும்தான் மிகுதி. நீலம் மிகச் சொற்பம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள். எண் குறையக் குறைய ஒளி மஞ்சளாகும், கூடக் கூட நீலமாகும். அகல் விளக்கின் சுடர் ஏறத்தாழ 1900. பழைய குண்டு பல்பு 2700. இன்று வீடுதோறும் எரிகிற வெள்ளை எல்.இ.டி. குழல் விளக்கு 6500. சுவருக்கென்று சொந்த ஒளி கிடையாது. தன்மேல் விழுவதைத்தான் திருப்பித் தருகிறது. போதாக்குறைக்கு அந்த அறையின் தரை சிவப்பு ஆக்சைடு பூசிய பழைய தரை. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் சுவரின் கீழ்ப்பாதியில் ஒரு செம்மையை ஏற்றிவிடும். கடையின் குழல் விளக்கில் தேர்ந்தெடுத்த வெள்ளை, வீட்டுத் தீபத்தின் முன்னால் அதே வெள்ளையாக நிற்காது.

ஆனால் மறுநாள் காலையிலும் தலைமையாசிரியருக்குச் சுவர் மங்கலாகவே தெரிந்தது. வாளியை மாற்றிவிட்டாய் என்று சொல்லிவிட்டார். இருபது ஆண்டுப் பழக்கத்தில் அப்படி ஒரு சொல் அதுவரை வந்ததில்லை. பெயிண்டர் பதில் பேசவில்லை. அவர் கேட்டபடியே நீல ஸ்டெயினர் கலந்து மீண்டும் ஒரு கோட் அடித்தார். போதாது என்றார் தலைமையாசிரியர். இன்னும் கொஞ்சம் நீலம் சேர்த்து மற்றொரு கோட். கணக்கு முடிக்கும்போது, "இது உன் தப்பால் வந்த வேலை" என்று அந்த ஒரு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய மனைவிக்கு இது பொறுக்கவில்லை.

"ஏன்னா, முதல்ல அடிச்சதுதான் வெள்ளை. இப்போ ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி நீலமா இருக்கு. அவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துடுங்கோ."

"உனக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து எல்லாமே நீலமாத்தான் தெரியறது."

இதற்கு அந்த அம்மையாரால் மறுமொழி சொல்ல இயலவில்லை. முந்தைய ஆண்டுதான் இரண்டு கண்களிலும் அவருக்குப் புரை நீக்கினார்கள். கொஞ்ச நாள் எல்லாம் நீலம் கலந்து தெரியும், பழகிவிடும் என்று மருத்துவரே சொல்லியிருந்தார். என்றாலும் அவர் விடவில்லை. மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், "வெள்ளைக் கோபுரத்தைப் பாருங்கோ. காலம்பர ஒரு வெள்ளை, உச்சியில ஒரு வெள்ளை, சாயங்காலம் ஒரு வெள்ளை. கோபுரமா மாறறது?" என்று கேட்டார். தலைமையாசிரியர் கோபுரத்தைச் சேவித்துவிட்டு இறங்கிவிட்டார்.

புரட்டாசி கழிந்தது. மார்கழியில் விடியற்காலை சேவைக்குப் போனவர், படியைச் சரியாகக் காணாமல் தடுக்கி விழப் பார்த்தார். மகன் வற்புறுத்தி மருத்துவரிடம் அழைத்துப் போனான். இரண்டு கண்களிலும் புரை முற்றியிருந்தது. தை மாதத்தில் வலக்கண்ணுக்கு அறுவை நடந்தது. இடக்கண்ணுக்குப் பிறகு நாள் சொல்வதாக இருந்தார்கள்.

கட்டுப் பிரித்த மறுநாள் வீட்டுக்கு வந்தவர், முதலில் கண்டது தம் வேட்டியை. பிறகு பெட்டியில் இருந்த திருமண் கட்டியை. "இது இத்தனை வெளுப்பா!" என்று மனைவியிடம் வியந்துவிட்டுப் பெருமாள் அறைக்குள் நுழைந்தார். சுவர் நீலமாக இருந்தது. சலவைக்காரர் நீலத்தை அள்ளிப் போட்ட துணியின் நீலம். வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் பார்த்தார். தாம் ஆசைப்பட்ட அதே வெள்ளை.

கண்ணின் வில்லை முதுமையில் மெல்ல மெல்ல மஞ்சளித்துப் பழுப்பாகிறது. அது நீல ஒளியை உள்ளே விடாமல் தடுத்துக்கொள்ளும். இந்த மாற்றம் பல ஆண்டுகளில் நிகழ்வதால் உரியவருக்கே தெரிவதில்லை. மனம் அதற்குப் பழகி, பழுப்பையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்கிறது. தீபத்தின் ஒளியில் இயல்பாகவே நீலம் குறைவு. இருப்பதையும் புரை தடுத்துவிட்டால் வெள்ளைச் சுவருக்கு வேறு கதியில்லை. நம் வயதில் உள்ளவர்கள், விளக்கு மங்கலாக எரிகிறது, வேட்டி சரியாக வெளுக்கவில்லை என்று அடுத்தடுத்துக் குறை சொல்லத் தொடங்கினால், திரியையும் சலவைக்காரரையும் விட்டுவிட்டு ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள்வது நல்லது.

அன்று இரவு அவர் சரியாக உண்ணவில்லை. கண் மருந்து விடும் நாட்கள் முடியும் வரை வெளியே போகக்கூடாது என்று மகன் சொன்னதையும் கேட்காமல், கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுநாளே பெயிண்டர் வீட்டுக்குப் போய் நின்றார். பிடித்து வைத்த கூலியை உறையிலிட்டுக் கொண்டு போயிருந்தார். நான்கு மாதம் முன்பு வீசிய சொல்லை எப்படித் திரும்பப் பெறுவது என்று வழியெல்லாம் யோசித்தும் வாக்கியம் அமையவில்லை.

"கோளாறு என் கண்ணிலேப்பா. உன் வாளியிலே இல்லை" என்று மட்டும் சொன்னார்.

பெயிண்டர் உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்தே வாங்கிக்கொண்டார். அதுதான் முறையும்கூட. "அப்போ சாமி திருடன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. அதுதான் மனசுல நின்னுச்சு" என்றார். சற்று நேரம் இருவரும் பேசவில்லை.

பிறகு தலைமையாசிரியர், வருகிற பங்குனி உத்திரத்துக்குள் பழைய வெள்ளையையே மீண்டும் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். இந்த முறை அட்டையைப் பார்த்து முடிவு செய்வதில்லை; ஒரு பலகையில் இரண்டு கோட் அடித்துப் பெருமாள் அறையில் சாய்த்து வைத்து, காலையிலும் நண்பகலிலும் தீபம் ஏற்றிய பின்னும் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

"பலகை அடிச்சுத் தரேன்" என்றார் பெயிண்டர். "ஆனா இன்னொரு கண்ணு பாக்கி இருக்குன்னீங்களே. அதுவும் ஆகட்டும் சாமி. அதுவரைக்கும் அம்மாவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க."