"பதிவாயிடுச்சா தம்பி?"

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

நம்ம கோயில் தோட்டத்துல இருந்த காலத்துல, உடுக்கை அடிச்சு அம்மன் வர்ணிப்பு பாடுன தாத்தாவைப் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2007-ல லயத்தை உடைக்கப் போறாங்கன்னு பேச்சு வந்தப்ப, ஒரு சின்ன டிஜிட்டல் ரெக்கார்டரை எடுத்துக்கிட்டு அவர் வீட்டு வாசல்ல போய் உட்கார்ந்தேன். மூணு சாயங்காலம். ஒவ்வொரு தடவையும் பாடி முடிச்சதும் "பதிவாயிடுச்சா தம்பி?"ன்னு கேட்பார். "ஆயிடுச்சு தாத்தா"ன்னு சொல்வேன். கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சதோட சரி. ஒருநாள்கூட முழுசா கேட்டதில்லை.

தாத்தா போய்ப் பல வருஷம் ஆச்சு. இந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்கு நம்ம பிள்ளைங்க அந்த வர்ணிப்பைப் பாடணும்னு ஆசைப்பட்டாங்க. வார்த்தை நோட்டுல இருக்கு. மெட்டுதான் யாருக்கும் தெரியலை.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். மூணு கோப்பும் இருக்கு, எல்லாம் டிவிஎஃப். கைப்பேசியில் திறக்கலை, லேப்டாப்பிலும் திறக்கலை. ஒரு தம்பி கோப்போட பேரை எம்பி3ன்னு மாத்திப் பார்த்தான். சட்டையை மாத்தினா ஆள் மாறுமா?

அந்தக் காலத்து ரெக்கார்டர்ல மெமரி ரொம்பக் குறைவு. அதனால பேச்சுக் குரலுக்குன்னே ஒரு முறையில நல்லா சுருக்கி எழுதி வைக்கும். அதைப் பிரிக்க அந்தக் கம்பெனி சாப்ட்வேர் வேணும். ரெக்கார்டரோட வந்த சிடியை நான்தான் வீடு மாறினப்ப தூக்கிப் போட்டேன். ராத்திரி தூக்கமே வரலை.

கடைசியில நம்ம உபயக்காரர் ஒருத்தர் வீட்டு அலமாரியில அதே சிடி கிடைச்சது. அவர் கடைக் கணக்குக்கு வச்சிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்ல போட்டு, ஒவ்வொண்ணா வேவ் கோப்பா மாத்தினோம். "எம்பி3 போதுமே, வாட்சாப்ல அனுப்ப லேசு"ன்னாங்க சிலர். ஏற்கனவே சுருக்கினதை இன்னொரு தடவை சுருக்கினா, இருக்கிறதுலயும் கொஞ்சம் போயிடும். வேவ் சுருக்காத வடிவம். 1991-லிருந்து இருக்கு, எந்தக் கருவியிலும் பாடும். இடம்தான் அதிகம் பிடிக்கும்: 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோன்னா நிமிஷத்துக்குச் சுமார் 5 எம்பி. பரவாயில்ல. மூல டிவிஎஃப் கோப்பையும் அழிக்கலை.

வேவா மாத்தினதால ஒலி ஒண்ணும் அழகாயிடலை. ரெக்கார்டர் அன்னைக்கே விட்டது விட்டதுதான். பேச்சுக்காகச் செஞ்ச முறையில உடுக்கைச் சத்தம் தகர டப்பாவைத் தட்டுற மாதிரி கேட்குது. ஆனா குரல் தெளிவா இருக்கு. மெட்டும் இருக்கு. இழுக்கிற இடத்துல அவர் மூச்சு வாங்குறதுகூட கேட்குது.

நான் எதிர்பார்க்காதது ஒண்ணு. ரெண்டாவது கோப்புல, நடுவுல பாட்டியோட குரல், அடுப்படியிலிருந்து: "ஒரு அடிய விட்டுட்டீங்க." தாத்தா நிறுத்தி, சிரிச்சு, மறுபடி பாடுறார். அந்த அடி நம்ம நோட்டுலயும் இல்லை!

நேத்து அவங்க மகள் கோயிலுக்கு வந்திருந்தாங்க. ஹெட்போன் மாட்டி விட்டேன். பாட்டியோட குரல் வந்ததும் கண்ணை மூடிக்கிட்டாங்க. "அம்மா குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு"ன்னு மட்டும் சொன்னாங்க.

பயிற்சி வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும், அன்னதானக் கூடத்துல. வீட்டுல பழைய ரெக்கார்டர், சிடி ஏதும் இருந்தா தூக்கிப் போடாம என்கிட்ட கொண்டு வாங்க.