அம்மாவின் கண்

கல்யாணமான கையோடு தில்லிக்கு வந்த என் பெற்றோர், 1974-ல் கரோல் பாகில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் அது. இருவரும் சேர்ந்திருக்கும் படம் வேறு இல்லை. நெகட்டிவும் இல்லை. எனக்கு இரண்டு வயதாகும்போதே அம்மா போய்விட்டாள். எனக்கு அம்மா என்றால் அந்தப் படம்தான்.

2011-ல் அப்பாவின் முதல் திவசத்துக்கு அதை ஓவியம்போல கேன்வாஸில் ஒட்டி மாட்ட ஆசைப்பட்டேன். வேறு யாராவது செய்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம். நானே செய்தேன். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையைப் படத்தின் பின்னால் தாராளமாகப் பூசி ஒட்டினேன். பத்து நிமிடத்தில் அம்மாவின் கன்னத்தில் ஒரு குமிழ் எழும்பியது. அழுத்தினேன், நெற்றிக்கு நகர்ந்தது. பதற்றத்தில் ஈரத்துணியால் தேய்த்தேன். ஈரத்தில் இளகிப்போன ஜெலட்டின் படலம் துணியோடு வந்துவிட்டது. வலது கண் இருந்த இடத்தில் வெறும் தாள்.

காரணம் எளியது. ஈரம் பட்டால் தாள் விரியும், காய்ந்தால் சுருங்கும். கேன்வாஸ் அதே அளவுக்கு ஈடுகொடுக்காது. பசை கூடினால் ஈரமும் கூடும். துணியின் இழைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் காற்றும் தங்கிவிடும். இதையெல்லாம் பிறகுதான் படித்தேன். எதையும் பிறகு படிப்பது என் வழக்கம்.

சென்ற ஆண்டு மறுபடி முயன்றேன். இம்முறை அசலைத் தொடவில்லை. அதை ஸ்கேன் செய்து, இடது கண்ணைத் திருப்பிப்போட்டு வலது கண்ணை உண்டாக்கித் தந்தார் ஓர் இளைஞர். நிறமி மையில் அச்சிட்டுக்கொண்டேன். சாதாரண மை ஈரத்தில் கசியக்கூடும். கேன்வாஸில் வெள்ளை பிரைமர் இரண்டு முறை பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து இழைகளின் மேடு பள்ளத்தைக் குறைத்தேன். அழுத்தும்போது துணி தொய்யாமலிருக்க, சட்டத்தின் பின்பக்கக் குழிவில் அட்டைகளை அடுக்கினேன். அக்ரிலிக் பசையைப் படத்தின் பின்புறமும் கேன்வாஸிலும் மெல்லிதாகப் பூசினேன். ஒரு விளிம்பிலிருந்து மெதுவாகப் படத்தை இறக்கி, மேலே பட்டர் பேப்பர் வைத்து, நடுவிலிருந்து ஓரங்களுக்கு ரப்பர் ரோலரை உருட்டினேன். ராத்திரி முழுக்க அதன்மேல் ஒரு பலகையும் தமிழ்ப் பேரகராதித் தொகுதிகளும் கனம் காத்தன. மொழிபெயர்ப்புக்கு அவற்றை இவ்வளவு முழுமையாக நான் பயன்படுத்தியதில்லை.

காலையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பெருமை தாங்காமல் புணேயிலிருந்து அக்காவை வரவழைத்தேன். அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. படத்தின்மேல் விரலால் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் பேசவில்லை.

“நன்னா ஒட்டியிருக்கே. ஆனா இது அம்மாவோட கண் இல்லைடா. வலது கண் கொஞ்சம் சின்னது அவளுக்கு. பழசு எங்கே?”

பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புடவைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.