பிச்சியின் மறுநாள்

தகப்பனைக் குத்திக் கொன்ற மாட்டைத் தேடி ஒருவன் வருகிறான். பேர் பிச்சி. கூட மருதன். செல்லாயி கோயில் ஜல்லிக்கட்டில் காரி இறங்கப் போகிறது என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். வாடிவாசலை ஒட்டிய கூட்டத்தில் ஒரு கிழவர் பேச்சுக் கொடுக்கிறார். பேசப் பேச, இவன் அம்புலி மகன் என்பது அவருக்குத் தெரிகிறது. அம்புலி பேர்பெற்ற மாடுபிடிக்காரன். காரியிடம் குத்துப்பட்டுச் செத்தவன். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிச்சி காரியை அடக்குகிறான், தொடையில் குத்துப்பட்டுச் சாய்கிறான். மானம் போன ஜமீன்தார் தன் காளையைத் தானே சுட்டுத் தள்ளுகிறார்.

இதுதான் சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்'. பெயருக்கு முன்னால் சின்னமனூர் இருந்தாலும், செல்லப்பாவை வத்தலக்குண்டுக்காரர் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். பி.ஆர்.ராஜம் அய்யரும், பி.எஸ்.ராமையாவும், சுப்பிரமணிய சிவாவும் இந்த ஊர்தான். கொடைக்கானல் போகிறவர்கள் பஸ் மாறுவதற்கு இறங்கி, டீ குடித்துவிட்டு ஏறிப்போகிற ஊர் என்று இதை நினைப்பவர்களிடம் இந்த நாலு பேரையும் சொல்லாமல் விடுவதில்லை நான். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் தமிழாசிரியையாக இருந்தவள். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'வாடிவாசல்' கொடுத்து வாசிக்கச் சொல்வேன். கையடக்கமான புத்தகம், இந்தப் பக்கத்துப் பேச்சு, மாடு. ஒரே மூச்சில் முடித்துவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். 2023இல் பெருமாள்முருகனும் அப்புபென்னும் சேர்ந்து இதைச் சித்திர நாவலாகவும் ஆக்கிவிட்டார்கள்.

வீரக் கதை என்றே எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். எனக்கு இது அப்பனைப் பறிகொடுத்த பிள்ளையின் கதை. அந்தப் பிள்ளை அழுகிற இடம் எங்கே என்று தேடிப் பாருங்கள், அகப்படாது. துக்கம் முழுவதும் கடனாக மாறிப் போயிருக்கிறது. கடன் என்றால் தீர்க்கலாம். தீர்ப்பதற்கு எதிரில் கொம்போடு ஒரு உருவம் நிற்கிறது. அதன் திமிலில் தொங்கலாம், தோற்கலாம், ஜெயிக்கலாம்.

நம் சாவு வீட்டிலும் இதே ஏற்பாடுதான். மீசை முளைக்காத பையன் கையில் கொள்ளிச் சட்டி. தோளில் குடம் வைத்து மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஓட்டை. பதினாறாம் நாள் கருமாதியில் தாய்மாமன் வந்து உருமா கட்டுகிறார். அந்தப் புது வேட்டித் துணி மொட்டைத் தலையில் நிற்காமல் நழுவும். மாமன் திரும்பத் திரும்ப இறுக்கிக் கட்டுவார். இனி நீதான்டா வீட்டுக்கு ஆம்பளை என்று சொல்லாமல் எந்தப் பெரியவரும் கலைவதில்லை. பதினாலு வயசுப் பிள்ளைக்குச் செய்வதற்கு வேலை இருக்கிறது, அந்த வேலைக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்தப் பதினாறு நாளும் அவனைத் தாங்குவது அதுதான். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு அதுகூடக் கிடையாது; அம்மாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பதினேழாம் நாள் என்ன?

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் அப்பா வெளியூரில் வேலை பார்த்தவர், வாரக் கடைசியில் வருவார். கோயில் திருவிழா அன்றைக்கு இவன் போன் போட்டு, நீ இன்னைக்கு வரலைன்னா உன்கூடப் பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அவரும் ராத்திரியோடு ராத்திரியாக பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். விளக்குப் போடாமல் ரோட்டோரம் நின்ற லாரி. கருமாதி முடிந்து மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் வந்தவனை மற்ற பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறக்க முடியாத நாள் என்று நான் கட்டுரை எழுதச் சொன்னபோது, போன் பண்ணியது முதல் நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதி, கடைசி வரியில் தன் பெயரைப் போட்டு, இவன்தான் காரணம் என்று முடித்திருந்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அடித்தல் திருத்தல் இல்லை. பலமுறை மனசுக்குள் எழுதிப் பார்த்திருந்தால்தான் அப்படி வரும்.

பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினேன். போன் பண்ணுனதுனால யாரும் சாகுறதில்லப்பா, லைட்டுப் போடாம லாரிய நிறுத்துனதுனால செத்தார் என்றேன். கேட்டுக்கொண்டான். "அப்ப ஏன் டீச்சர் எல்லாரும் என்னையப் பாத்துப் பாத்து அழுகுறாங்க?" என்றான். உன்மேல பாவப்பட்டு என்று சொன்னேன். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து 'வாடிவாசல்' வாசித்துவிட்டு வந்து கொடுத்தான். எப்படி இருந்துச்சு என்று கேட்டதற்கு, "அவனுக்காச்சும் மாடு இருந்துச்சு டீச்சர்" என்றான்.

தமிழில் இதுவரை 'வாடிவாசல்' பற்றி வந்த விமர்சனங்களில் பலவற்றை வாசித்திருக்கிறேன். அந்தப் பையன் சொன்னதற்கு மேலான ஒரு வரியை அவற்றில் நான் பார்க்கவில்லை.

பூமணியின் 'வெக்கை'யையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறேன். 1982இல் வந்த நாவல். சிதம்பரத்துக்கு வயசு பதினைந்து. அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போய், உயிரையே எடுத்துவிட்டு, அப்பாவோடு காடு மலையென்று அலைகிறான். பிச்சிக்குக் காரி என்றால் சிதம்பரத்துக்கு வடக்கூரான். இரண்டும் நம் மொழியின் பெரிய எழுத்து. அவற்றில் துக்கத்தின் முகம் வெளியே திரும்பியிருக்கிறது. பழி வாங்க ஆள் இருக்கிறது. நான்தான் காரணம் என்று ராத்திரி படுக்கையில் புரளுகிற பிள்ளைக்கு ஆள் இல்லை. வெட்ட வேண்டியவனும் அவனே, வெட்டுப்பட வேண்டியவனும் அவனே.

பிள்ளைகள் தானாக மட்டும் இப்படி நினைத்துக்கொள்வதில்லை. சாவு வீட்டு வாசலில் ஒரு அரைமணி நேரம் நின்றால் போதும். பொறந்ததுமே அப்பன முழுங்கிருச்சு. அந்தப் பய ஜாதகம் அப்பனுக்கு ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னாக. கொடி சுத்திப் பொறந்தவன், மாமனைக் காவு வாங்கிட்டான். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பிள்ளைக்கே மறுவேளை சோறு ஊட்டிவிடுவதும் அவர்கள்தான். ஆனால் அந்தச் சொல் போய் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்காது. அறுபது வயசுப் பெண்மணி ஒருவர், தான் மூன்று மாசக் குழந்தையாக இருந்தபோது இறந்துபோன அப்பாவைத் தானே கொன்றதாக இன்னும் நம்பிக்கொண்டிருப்பதை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

இந்த நாக்கை எங்கள் ஊர்க்காரர் நூற்றிமுப்பது வருஷத்துக்கு முன்பே பார்த்து எழுதினார். ராஜம் அய்யர் 1872இல் பிறந்து 1898இல் இறந்தவர். இருபத்தாறு வயசுதான் வாழ்க்கை. 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வர ஆரம்பித்தபோது அவருக்கு வயசு இருபத்தொன்று. கமலாம்பாள் தம்பதியின் குழந்தை நடராஜன் காணாமல் போகிறான். குழந்தை போன துக்கத்தோடு ஊர்வம்பும் சேர்ந்து ஒரு குடும்பம் எப்படிச் சிதறுகிறது என்பதைத்தான் நாவலின் பின்பாதி சொல்கிறது. கடைசியில் குழந்தை கிடைத்துவிடுகிறான். ஆனால் குழந்தை மனசில் என்ன நடந்தது என்ற பக்கம் ராஜம் அய்யர் போகவில்லை. அந்தக் காலத்தில் அதை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. இன்றைக்கும் பெரும்பாலும் போகாமல் இருக்கிறோமே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

போனவர் ஒருவர் உண்டு. ராஜம் அய்யருக்கும் பல நூற்றாண்டு முந்தியவர். சீத்தலைச் சாத்தனார். 'மணிமேகலை'யை மதத்துக்காக வாசிக்கிறோம், அட்சய பாத்திரத்துக்காக வாசிக்கிறோம். அதன் தொடக்கத்தை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். இந்திர விழாவுக்கு மாதவி ஏன் வரவில்லை என்று கேட்டு வயந்தமாலை வந்திருக்கிறாள். மாதவி கோவலன் செத்ததையும் கண்ணகி பட்டதையும் அவளிடம் சொல்கிறாள். பக்கத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருக்கிற மகள் காதிலும் அது விழுகிறது. மகளிடம் சொல்லப்பட்ட சேதி இல்லை. பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு. கண்ணீர் வழிந்து தொடுத்த மாலையில் விழுகிறது. மாதவி மகளின் கண்ணைத் துடைக்கிறாள். மாலை தூய்மை கெட்டுவிட்டது, போய் வேறு பூப்பறித்து வா என்று அனுப்புகிறாள்.

இந்த இடத்தில் மாதவியைக் கண்டால் எனக்கு நம் வீட்டு அம்மாக்களைக் கண்டது போலவே இருக்கிறது. அவள் கல்நெஞ்சக்காரி இல்லை, மகள் அழுவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. அதனால் ஒரு வேலை கொடுத்து வெளியே அனுப்புகிறாள். அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை பேச்சில்லை. அந்தப் பெண் கேட்க வேண்டியதை எல்லாம் மனசிலேயே வைத்துக்கொண்டு காப்பியம் முழுக்க நடக்கிறாள். வெகுதூரம் போய், வஞ்சியில், கண்ணகியின் படிமத்துக்கு முன்னால் நின்றுதான் கேட்கிறாள். கண்ணகியும் பதில் சொல்கிறாள். தன் கோபத்தில் மதுரை எரிந்ததைச் சொல்கிறாள். அந்த வினையின் பலன் தன்னை விடாது என்றும் சொல்கிறாள். பத்தினித் தெய்வமாகிக் கோயில் கொண்டவள் தன் பழியைத் தானே ஒப்புக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். பெரியவர் ஒருவர் பிள்ளையைச் சமமாக உட்காரவைத்து, நடந்தது இது, என் பங்கு இது என்று பேசுகிற இடம் நம் பழைய இலக்கியத்தில் இதைவிடத் துலக்கமாக வேறெங்கும் எனக்குத் தென்பட்டதில்லை.

ஆங்கிலத்தில் 2011இல் பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' என்ற நாவல் இருக்கிறது. கரு அவருடையதல்ல, ஷிவான் டௌட் என்ற எழுத்தாளருடையது. புற்றுநோயில் அவர் 2007இல் இறந்துபோக, அந்தக் கருவை நெஸ் எடுத்து எழுதினார். கானர் என்ற பதிமூன்று வயசுப் பையனின் அம்மாவுக்கும் புற்றுநோய். ராத்திரியில் ஒரு மர உருவம் வந்து அவனுக்குக் கதைகள் சொல்கிறது. கடைசிக் கதையை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது. அவன் சொல்ல நடுங்குகிற உண்மை இதுதான்: அம்மா படுகிற பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், எல்லாம் முடிந்துபோனால் தேவலை என்று அவன் நினைத்திருக்கிறான். நம் வீடுகளில் வருஷக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்ட எத்தனை பிள்ளைகள் இதை நினைத்திருப்பார்கள்! நினைத்த மறுவாரம் சாவு வந்தால், தான் நினைத்ததால்தான் வந்தது என்று எத்தனை பிள்ளைகள் முடிவுகட்டியிருப்பார்கள்! நினைப்பது வேறு, செய்வது வேறு என்று அந்த மரம் அவனுக்குப் புரியவைக்கிறது. இந்த ஒரு சேதியைத் தமிழில் ஒரு பதிமூன்று வயசுப் பிள்ளை எந்தக் கதையில் போய்க் கேட்கும்?

2004ஆம் வருஷத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். டிசம்பர் 26இல் கடல் வந்தது. தம்பி போய்த் தான் தப்பியவர்களும், தங்கச்சி கையை விட்டுவிட்டவர்களும் இன்றைக்கு முப்பதை ஒட்டிய வயசில் நம்மோடு பஸ்ஸில் வருகிறார்கள். ஈழத்தில் 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளைச் சொல்லவே வேண்டாம். ஜல்லிக்கட்டில் வருஷந்தோறும் மாடுபிடிக்கிறவர்களும் வேடிக்கை பார்க்கிறவர்களும் சாகிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் பின்னால் ஒரு பிச்சி வீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

செல்லப்பா தன் கதையை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினார். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் காரி செத்த அன்றைக்கு ராத்திரி, தொடைக்காயத்தோடு வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பிச்சி திண்ணையில் படுத்துக்கொண்டு என்ன நினைத்திருப்பான்? மாடும் இல்லை, அப்பனும் இல்லை. காரியமெல்லாம் முடிந்தது, கடனும் தீர்ந்தது. இனி எதன் பின்னால் போய் அழுகையை ஒளித்துவைப்பது? அந்த மறுநாளை யாராவது எழுத வேண்டும். வயசுவந்த பிள்ளைகளுக்காக, அவர்கள் பேசுகிற பேச்சில், புத்திமதி சொல்லாமல் எழுத வேண்டும். குற்றம் தன்மேல் என்று நம்புகிற பிள்ளையையே கதைநாயகனாக வைத்து எழுத வேண்டும். சிறார் எழுத்தில் இன்றைக்கு நல்ல கைகள் இருக்கின்றன, அவர்களிடம்தான் கேட்கிறேன்.

எழுதாத நமக்கும் வேலை இருக்கிறது. துஷ்டி வீட்டுக்குப் போனால் பெரியவர்கள் கையைப் பிடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். மூலையில் நிற்கிற பிள்ளையிடம் போங்கள். உன்னால இல்ல என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருதரம் சொன்னால் நம்பாது, பதினாறு கழிந்த பிறகும் போய்ச் சொல்லுங்கள். அப்பன முழுங்கிட்டான் என்று யாராவது பக்கத்தில் பேசினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்கூடம் போகாமல் பிள்ளை ஒடுங்கிக்கொண்டே போனால் 14416க்குப் போன் போடுங்கள். அரசாங்கத்தின் மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.