திருத்தாமல் அனுப்பிய கார்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டிலிருந்து திருச்சிக்கு வீடியோ கால் போகும். உங்கள் வீட்டிலிருந்தும் ஏதோ ஓர் ஊருக்குப் போகும். எங்கள் வீட்டில் அது நடக்கிற லட்சணம் இதுதான்: திரையில் அப்பாவின் பாதி நெற்றியும் மேலே சுற்றுகிற ஃபேனும் தெரியும். "சாப்டியாடா கண்ணா?" என்பார். என் ஒன்பது வயது மகன் "சாப்டேன் தாத்தா" என்பான். "என்ன?" "சாப்டேன்!" "என்னது?" அப்பாவுக்குக் காது மந்தம். மெஷின் வைத்துக்கொண்டாலும் போனில் வருகிற குரல் அவருக்குப் பிடிபடுவதில்லை. மூன்றாவது தடவை இவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நழுவிவிடுவான். மீதியை நானும் அம்மாவும் பேசி முடிப்போம்.

அப்பாவும் அம்மாவும் நியூ ஜெர்சியில் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் ஊரோடு போய்விட்டவர்கள். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவேன், படிப்பேன், போனில் டைப் செய்வேன். கையால் மட்டும் எழுத மாட்டேன். அதற்கு ஒரு கார்டுதான் காரணம்.

எனக்குப் பத்து வயதில் நயாகராவுக்குப் போனோம். அங்கே வாங்கிய படம் போட்ட கார்டில் நாலு வரி தமிழில் எழுதி, ஸ்ரீரங்கத்தில் இருந்த தாத்தாவுக்கு, அதாவது அப்பாவின் அப்பாவுக்கு, அனுப்பினேன். அவர் தமிழ் வாத்தியார். இரண்டு மாதம் கழித்து ஒரு கவர் வந்தது. ஆசையாகப் பிரித்தால் உள்ளே நான் அனுப்பிய அதே கார்டு! ஏழு இடத்தில் சிவப்பு மை. 'அறுவி' அருவி ஆகியிருந்தது, 'தன்னீர்' தண்ணீர் ஆகியிருந்தது. ஓரத்தில், 'மீண்டும் எழுதிப் பழகவும்.' அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கப்புறம் நான் தாத்தாவுக்கு எழுதவே இல்லை. நான் காலேஜில் இருந்தபோது அவர் போய்விட்டார்.

இதையெல்லாம் மறந்துதான் இருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோடை விடுமுறையில் கிராண்ட் கேன்யன் போனோம். கடையில் சுழலும் ஸ்டாண்டில் கார்டுகள் இருந்தன. "இதெல்லாம் யார் வாங்குவாங்க?" என்று கேட்டான் மகன். நியாயமான கேள்விதான். எங்கள் மூன்று போன்களிலும் சேர்த்து அதற்குள் இருநூறு படங்களாவது இருக்கும். ஆனால் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிற ஃபேன்டம் ரேஞ்ச் விடுதியில் தபால் போட்டால், அது கோவேறு கழுதை முதுகில் ஏறித்தான் மேலே வரும் என்று தெரிந்ததும் அவன் முகம் மாறிவிட்டது. அங்கிருந்து வரும் கார்டில் 'கழுதை மூலம் அனுப்பப்பட்டது' என்று முத்திரையே உண்டு. ஹவாசுப்பாய் மக்கள் வாழும் சுப்பாய் கிராமத்துக்கும் இன்றைக்கும் கழுதைகள்தான் தபால் சுமக்கின்றன. அவ்வளவு கீழே நாங்கள் இறங்கவில்லை. ஆனாலும் இதைத் தாத்தாவுக்குச் சொல்லியே ஆகணும் என்றான். போனில் சொன்னால் அவருக்குக் கேட்காதே! அப்போதுதான் அந்த ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தோம்.

விடுதி அறையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினான். "மியூலுக்குத் தமிழ்ல என்னம்மா?" "கோவேறு கழுதை." "ரொம்ப நீளம். கழுதை போதும்." அரை மணி நேரத்தில் எழுதி முடித்தது இவ்வளவுதான்: 'தாத்தா, நாங்கள் பெறிய பல்லம் பார்த்தோம். கழுதை தபாள் கொண்டு வரும். நீங்கள் நலமா?'

என் கை தன்னால் பேனாவை எடுத்தது. பெறிய, பல்லம், தபாள். மூன்று வரியில் மூன்று தப்பு. வாங்கிப் போகிறவர் தமிழ் வாத்தியாரின் மகன். என் வளர்ப்பைப் பற்றி என்ன நினைப்பார்? பேனா கார்டைத் தொடப் போகும்போதுதான் அந்த நயாகரா கார்டு ஞாபகம் வந்தது. பேனாவை மூடி வைத்தேன். கார்டின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. திரும்ப மூடியைத் திறந்து, முப்பது வருஷத்துக்கு மேலாகக் கையால் எழுதாத தமிழில் நானே எழுதினேன்: 'அப்பா, அவன் எழுதியதைத் திருத்தவில்லை. உங்கள் அப்பா என் கார்டைத் திருத்தி அனுப்பியது ஞாபகம் இருக்கா?' பத்து வயதில் எப்படி எழுதினேனோ அதே கோணல் எழுத்து. கை அங்கேயே நின்றுவிட்டது போலிருக்கிறது.

கிராண்ட் கேன்யன் கிராமத்திலேயே போஸ்ட் ஆபீஸ் இருக்கிறது. வெளிநாட்டுக்கு ஒட்டுகிற வட்ட ஸ்டாம்பை ஒட்டி மகனே பெட்டியில் போட்டான். போட்ட மறுநாளே "போய்டுச்சா?" என்று ஆரம்பித்துவிட்டான். டிராக்கிங் நம்பர் கிடையாது, இரண்டு நீல டிக் கிடையாது. காத்திருக்கத்தான் வேண்டும். சொல்லப்போனால், அவன் எதற்காகவும் அவ்வளவு நாள் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கார்டை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். "காலையிலேர்ந்து நாலாவது தடவை" என்று கீழே எழுதியிருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு மாதத்தில் எங்கள் பெட்டியில் அவருடைய பதில் வந்தது. படம் போட்ட கார்டு தேடி அலைந்திருக்கிறார், கிடைக்கவில்லை. நம் ஊர் 50 பைசா கார்டையே எடுத்து, மீதித் தொகைக்கு வரிசையாக ஸ்டாம்ப் ஒட்டியிருந்தார். மேலே பிள்ளையார் சுழி. 'இது என்ன, உ?' என்று மகன் கேட்டதில் ஆரம்பித்து அன்றைக்குப் பாதி நாள் போனது. கார்டில் இருந்தது இது:

'நீ பார்த்த பெரிய பள்ளத்தைப் பற்றிப் படித்தேன். பள்ளம் எவ்வளவு பெரிய பள்ளம்? நம் மலைக்கோட்டையைத் தூக்கி உள்ளே வைத்தால், ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனை மலைக்கோட்டை நிற்கும்? தபால் கொண்டு வரும் கழுதைக்குச் சம்பளம் உண்டா? உடனே பதில் எழுது.'

மகன் கணக்குப் போட்டான். மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம். பள்ளம் ஒரு மைலுக்கு மேல் ஆழம். பத்தொன்பது மலைக்கோட்டை! எழுத உட்கார்ந்தவன் கார்டை இன்னொரு தடவை பார்த்தான். "அம்மா, நான் 'பெரிய'வ தப்பா எழுதினேனா?" "ஆமாம்." "தாத்தா ஒண்ணும் சொல்லலையே?" "சொல்லியிருக்காரே." அவனே அந்த வார்த்தையைப் பார்த்துப் பார்த்து, பதிலில் சரியாக எழுதினான். 'கோட்டய்' என்று புதிதாக ஒன்று சேர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கென்று தனியாக ஒரு கார்டு பின்னாலேயே வந்தது. 'உனக்கு மட்டும்தான் என்று நினைத்தாயா? நான் ஹாஸ்டலில் இருந்தபோது என் கடிதங்களும் சிவப்பு மையோடு திரும்பி வரும். அதனால் பணம் தேவைப்பட்டால் மட்டுமே அவருக்கு எழுதுவேன். உன் கார்டு திரும்பி வந்த அன்றே நான் அவருக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. தப்பு என்னுடையது.' நாற்பது வருஷத்தில் அப்பா என்னிடம் நேரில் 'தப்பு என்னுடையது' என்று சொன்னதில்லை. இனி போனில் சொல்லவும் முடியாது. திறந்த கார்டில், திருச்சியிலிருந்து நியூ ஜெர்சி வரைக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்கிற மாதிரி எழுதி அனுப்பிவிட்டார்.

திறந்த கார்டு என்பது நம் ஆட்களுக்குப் புதிசும் இல்லை. 1869-இல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் முதல் கார்டு வந்தது. பத்தே வருஷத்தில், 1879 ஜூலையில், இந்தியாவில் காலணாவுக்கு வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் தபால்காரரே வாசித்துச் சொல்லிவிட்டுப் போவார். மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் படிக்கும் முன்பே நல்ல சேதி என்று தெரிந்துவிடும் என்பாள் அம்மா.

உங்களுக்கும் இப்படி ஒரு கார்டு போட ஆசை இருந்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். விலாசத்தை ஆங்கிலத்தில், பின்கோடோடு, கடைசி வரியில் INDIA என்பதற்குப் பதில் வேறெதையும் சுருக்காமல் முழு நாட்டுப் பெயரோடு எழுதுங்கள். சேதி மட்டும் தமிழில். கிளம்பும் முன்பே விலாசத்தைச் சின்னச் சீட்டுகளில் பிரின்ட் எடுத்து வைத்துக்கொண்டால் போகிற இடத்தில் ஒட்டினால் போதும். குழந்தைக்கு மூன்று வரி போதும்; கார்டில் இடமே அவ்வளவுதான் என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். எழுதினதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் முன்கூட்டியே அனுப்பிவிடாதீர்கள். அனுப்பினால் கார்டு போய்ச் சேரும்போது அங்கே யாரும் காத்திருக்க மாட்டார்கள். அப்புறம், சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் உண்டு. நெற்றியும் ஃபேனும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் இப்போது மகன் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடுவதில்லை. வந்த கார்டைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடிக்கிறான். அங்கே அப்பா இவனுடைய கார்டைத் தூக்கிப் பிடிக்கிறார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.