பாலத்தின் எந்தப் பக்கம்?

பூவத்திலிருந்து யார் அழைத்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்பேன்: “எந்தப் பக்கம் புடிச்சாங்க?” மறுமுனையில் அழுகைதான் வரும். “சார், புள்ள தப்பு பண்ணலை சார்” என்பார்கள். தப்பைப் பற்றிப் பிறகு பேசலாம் அம்மா, பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, அதை முதலில் சொல்லுங்கள் என்பேன்.

புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் வட எல்லை பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு, தரங்கம்பாடி வட்டம். இக்கரையில் பிடித்தால் கோட்டுச்சேரி காவல் நிலையம், காரைக்கால் நீதிமன்றம். அக்கரையில் பிடித்தால் பொறையாறு காவல் நிலையம், தரங்கம்பாடி நீதிமன்றம். நடந்து கடக்கிற தூரத்தில் போலீஸ், மாஜிஸ்திரேட், அரசு வக்கீல், சிறை எல்லாமே மாறிவிடும். அடிதடி, விபத்து என்றால் சட்டமாவது ஒன்றாக இருக்கும். பாட்டில் வழக்கில் சட்டமே வேறு.

இந்த ஊருக்கு அதிகம் வருவது பாட்டில் வழக்குதான். புதுச்சேரியில் மது விலை குறைவு. எல்லைக் கடையில் காசு கொடுத்து வாங்கியது இக்கரையில் வெறும் சாமான். அதே பாட்டில் வண்டிப் பெட்டியில் பாலத்தைத் தாண்டினால் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். ராஜாஜி முதல்வராக இருந்த 1937ஆம் ஆண்டில் வந்த சட்டம் அது; டாஸ்மாக்கில் அரசே விற்கிற இந்தக் காலத்திலும் அதுதான் நடப்பில் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சட்டமன்றம் அதைத் திருத்தித் தண்டனைகளைக் கூட்டியது. “ரெண்டு குவாட்டர்தானே சார்” என்று இப்போதும் சொல்பவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

என் தொழிலில் நான் மிகவும் நேசிக்கும் காகிதம் மகஜர். மற்ற வக்கீல்கள் முதலில் முதல் தகவல் அறிக்கையைப் படிப்பார்கள். நான் மகஜரையும் மாதிரி வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். பொருளை எங்கே, எத்தனை மணிக்கு, யார் முன்னிலையில் கைப்பற்றினார்கள் என்பது அதில் இருக்கும். “நண்டலாறு பாலம் அருகில்” என்று எழுதியிருந்தால் எனக்கு வேலை ஆரம்பம். பாலத்தின் எந்த முனை அருகில்? வரைபடத்தில் வடக்கு எது? சோதனைச்சாவடி எத்தனை மீட்டரில்? பிடித்த இடம் பூவம் முனையாக இருந்துவிட்டால் தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் அங்கே செல்லாது. வழக்கின் அடியே ஆடிப்போகும்.

அதனால் வழக்கு கையில் வந்ததும் அந்த இடத்துக்குப் போய் நின்று பார்ப்பேன், மகஜரில் எழுதிய அதே மணிக்கு. ராத்திரி வழக்கு என்றால் ராத்திரியிலேயே. எந்த விளக்குக் கம்பத்தில் வெளிச்சம் இருக்கிறது, இருபதடியில் வருகிறவன் முகம் தெரிகிறதா, சாவடியிலிருந்து பார்த்தால் பாலத்தின் மறுமுனை தெரிகிறதா என்பதையெல்லாம் வீட்டிலிருந்தபடி எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. சாட்சி எந்த ஊர்க்காரர் என்றும் பார்ப்பேன். பக்கத்துத் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்க, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒருவர் சரியாக அந்த நேரத்தில் பாலத்தில் நின்றது எப்படி என்பது நியாயமான கேள்வி. குறுக்கு விசாரணையில் அதற்குப் பதில் வந்ததும் உட்கார்ந்துவிட வேண்டும். இன்னொரு கேள்வி கேட்டு, சாட்சி சமாளித்துக்கொள்ள வழிவிடும் வக்கீல்களைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

மாதிரி எடுத்த கணக்கும் அப்படித்தான். எத்தனை பாட்டில் பிடித்தார்கள், எத்தனையிலிருந்து மாதிரி எடுத்தார்கள், முத்திரை எங்கே வைத்தார்கள், ஆய்வகத்துக்கு என்று போனது? இதெல்லாம் அலுப்பான வேலை. ஆனால் விடுதலைத் தீர்ப்புகள் பெரும்பாலும் இந்த அலுப்பான பக்கங்களில்தான் ஒளிந்திருக்கின்றன. சினிமா வக்கீல் மேஜையைத் தட்டிப் பேசுவதை நீதிமன்றத்தில் யாரும் ரசிப்பதில்லை.

ஊர்க்காரர்கள் கேட்பது இன்னொன்று: நல்ல உள்ளூர் வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது என்பது இந்திய வழக்கறிஞர் கவுன்சிலின் விதி. வக்கீல்களைப் பட்டியல் போட்டு ஆள் பிடித்துத் தரும் இணையதளங்கள் மீதும், அவற்றில் பெயர் கொடுக்கும் வக்கீல்கள் மீதும் நடவடிக்கை எடுக்கும்படி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆக, செல்போனில் தேடி வரும் நட்சத்திர மதிப்பெண்ணை நம்ப வேண்டாம். காவல் நிலைய டீக்கடையில் தானாக வந்து தோளைத் தொடுகிற தரகரை அதைவிட நம்ப வேண்டாம்.

நான் சொல்லும் வழி பழையது. வழக்கு எந்த நீதிமன்றத்தில் விழுந்திருக்கிறதோ அங்கே ஒரு நாள் காலை பத்தரைக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்காருங்கள். பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கத் திறந்த இடம் அது. பெயர் கூப்பிட்டதும் யார் தயாராக எழுந்திருக்கிறார், யார் கட்டைப் புரட்டித் தேடுகிறார், குறுக்கு விசாரணையை யார் தானே செய்கிறார், யார் ஒவ்வொரு முறையும் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறார் என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சம்பந்தி சொன்னார், சாதிக்காரர், பூவத்திலேயே வீடு என்பவை பிறகு. பூவத்து வக்கீல் காரைக்காலில் மட்டுமே வழக்கு நடத்துகிறவர் என்றால் தரங்கம்பாடி வழக்குக்கு அவர் வெளியூர்க்காரர்தான். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் வழக்கறிஞர் கவுன்சில் ஒன்றே; ஒரே பதிவு எண்ணில் இரு கரையிலும் ஆஜராகலாம். நண்டலாற்றைத் தடையில்லாமல் கடக்கிற சில சரக்குகளில் வக்கீலும் ஒன்று.

பேசும்போது இரண்டைக் கவனியுங்கள். “கண்டிப்பா விடுதலை வாங்கித் தர்றேன், ஜெயிச்சா இவ்வளவு குடுங்க” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தீர்ப்பைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதே விதிப்படி தவறு. ஜாமீனுக்கு எவ்வளவு, விசாரணைக்கு எவ்வளவு, குமாஸ்தா செலவு இதில் சேர்ந்ததா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டால் கோபிக்கிற வக்கீல், மாஜிஸ்திரேட் கேட்கும் கேள்விக்கும் கோபிப்பார். பிறகு, வக்கீலிடம் பொய் சொல்லாதீர்கள். நீங்கள் எங்களிடம் சொல்வதை வெளியே சொல்லச் சட்டமே எங்களைத் தடுக்கிறது. போலீஸிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்றாலும், அதை வைத்துக் கண்டெடுத்த பொருள் சாட்சியமாகும். போலீஸ் நீட்டும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

இன்னொரு தொல்லை உண்டு. “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும் தம்பி” என்று யாராவது சொல்வார்கள். கட்டலாம், வீட்டுக்கும் போகலாம். ஆனால் அது தண்டனைதான். போலீஸ் வேலைத் தேர்விலும், வளைகுடா வேலைக்கான நன்னடத்தைச் சான்றிலும் அது முன்னால் வந்து நிற்கும். பாதிப்பேர் வெளிநாடு போகக் காத்திருக்கும் கடற்கரைக் கிராமங்களில், ஒரு நாள் நிம்மதிக்காக இதைச் செய்யச் சொல்லும் வக்கீலை நான் வக்கீலாகவே நினைப்பதில்லை. வழக்கு பலவீனமாக இருந்தால் நடத்த வேண்டும். பலமாக இருந்தால், பின்விளைவு முழுவதையும் சொன்ன பிறகே கட்சிக்காரரை முடிவெடுக்க விட வேண்டும்.

ஜாமீனில் எல்லைக்காரனுக்கு ஒரு தனிச் சங்கடம். அக்கரை வழக்குக்கு இக்கரை ஆளை ஜாமீன்தாரராக நிறுத்தினால் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். சொத்து வேறு ஆட்சிப்பகுதியில் இருக்கிறதே என்பார்கள். அப்போது நான் எடுப்பது 1978இல் உச்ச நீதிமன்றம் தந்த மோதி ராம் தீர்ப்பை. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டு, அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருப்பதாகச் சொல்லி ஏற்க மறுத்த வழக்கு அது. அது தவறு என்று எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அவர் வக்கீலாக இருந்தது தலைச்சேரியில். சில மைல் தள்ளி மாஹே, நம் பூவத்தைப் போலவே புதுச்சேரிக்குச் சொந்தமான துண்டு நிலம். எல்லை ஊர்க்காரனின் அலைச்சல் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஆதாரம் எதுவுமில்லை, வெறும் ஆசைதான்.

2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடப்புக்கு வந்து பிரிவு எண்கள் மாறின. அடிப்படை மாறவில்லை. கைதான இருபத்துநான்கு மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்கலாம், முழு நேரமும் உடன் இருக்க முடியாது என்றாலும். கைதுக்கான காரணத்தைப் புரியும்படி தெரிவிக்காவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில், கைதுக்கு அவசியமில்லாதபோது நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும். நோட்டீஸ் வந்தால் ஓடி ஒளியாதீர்கள், வக்கீலோடு போய் ஆஜராகுங்கள்.

கையில் காசில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். முதல் முறை ஆஜர் செய்யும்போதே அந்த உரிமையைச் சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை என்பது, பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய வழக்கில் 1980இல் வந்த தீர்ப்பு. அவர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்: “ஐயா, எனக்கு வக்கீல் இல்லை, ஒருவரை நியமியுங்கள்.” வீட்டில் இருப்பவர்கள் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். நண்டலாற்றின் இரு கரைக்கும் அது ஒரே எண்.